பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஏமாறாம நியாயமான விலைக்கு விக்கிறது எப்படி?

கேள்வி சுருக்கமா இதுதான்: பத்து வருஷம் ஆன ரெண்டு சீட் கன்வர்ட்டிபிள் (கூரை மடக்கற கார்), மேனுவல் கியர், ரெண்டாவது ஓனர், சைலன்சரும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கும் மாத்தியிருக்கு. டீலர்கிட்ட போனா அடிமாட்டு விலைக்குக் கேக்கறாங்க, ஆன்லைன்ல ஒருத்தர் வண்டியைப் பார்க்காமலே கேட்ட விலையைத் தர்றேன், ஷிப்பிங் ஏஜென்ட் வந்து எடுத்துப்பார்னு மெசேஜ் பண்றார், என்ன பண்ணலாம்?

முதல்ல அந்த ஷிப்பிங் ஏஜென்ட் பார்ட்டியை முடிச்சிடுவோம், மத்ததெல்லாம் அப்புறம். அவருக்கு இனிமே பதிலே போடாதீங்க. இது எப்படி நடக்கும்னா, நீங்க கேட்ட விலையை விட அதிகமா ஒரு செக் வரும், "கூட இருக்கற தொகையை ஏஜென்ட்டுக்கு அனுப்பிடுங்க, அவர் வந்து வண்டியை ஏத்திப்பார்"னு சொல்வாங்க, செக்கை பேங்க்ல போட்டதும் அக்கவுன்ட்ல பணம் வந்த மாதிரியே காட்டும், ஆனா அது பேங்க் முன்கூட்டி வரவு வச்சதுதான், செக் இன்னும் உண்மையில பாஸ் ஆகியிருக்காது. சில நாள் கழிச்சு போலின்னு திரும்பி வர்றப்போ மொத்தத்தையும் உங்க அக்கவுன்ட்லேர்ந்து எடுத்துப்பாங்க, நீங்க ஏஜென்ட்டுக்கு அனுப்பினது உங்க சொந்தக் காசு. இதே ஆளுங்க வேற வேஷத்துலயும் வருவாங்க. "இந்த லிங்க்ல வண்டியோட ஹிஸ்டரி ரிப்போர்ட் எடுத்து அனுப்புங்க"ம்பாங்க, அந்த சைட்டே அவங்களோடது, உங்க கார்டு நம்பர்தான் அவங்களுக்கு வேணும். இல்லன்னா "நீங்க நிஜ ஆள்தானான்னு பாக்க ஒரு கோட் வரும், அதைச் சொல்லுங்க"ம்பாங்க, அந்த ஓடிபியை வச்சு உங்க பேர்ல கணக்கு திறந்துப்பாங்க. ஒண்ணு மட்டும் மனசுல வையுங்க, ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படறவன் அதுல ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணிப் பாக்காம காசு குடுக்கவே மாட்டான், அந்த ஆசைக்காகத்தானே வாங்கறான்.

இப்ப விலைக்கு வருவோம். சாதாரண குடும்ப கார்னா வருஷம், ஓடின கிலோமீட்டர், கண்டிஷன், அவ்வளவுதான் கணக்கு. ஸ்போர்ட்ஸ் கார் அப்படி இல்ல. வாங்க வர்றவர் மனசுல பயம் நிறைய இருக்கும், முன்னாடி வச்சிருந்தவங்க எப்படி ஓட்டினாங்க, ரேஸ் டிராக்ல போட்டு அடிச்சாங்களா, எங்கயாவது மோதி சரி பண்ணினதா, கிளட்ச் இன்னும் எத்தனை நாள் வரும். நீங்க பதில் சொல்லாத ஒவ்வொரு பயத்துக்கும் அவர் ஒரு தொகையைக் கழிச்சுப்பார், வாய் விட்டு சொல்லக்கூட மாட்டார், கம்மியா கேப்பார், இல்ல திரும்பி வரவே மாட்டார். டீலர் குறைச்சுக் கேக்கறதுலயும் பாதி இந்த பயம்தான், மீதி அவரோட லாபமும் வண்டி நிக்கிற நாளுக்கான செலவும். அதனால நீங்க பண்ண வேண்டிய வேலை, வாங்க வர்றவர் கேக்கறதுக்கு முன்னாடியே அந்த பயத்தை எல்லாம் எடுக்கறதுதான்.

அதுக்கு முதல் ஆயுதம் பேப்பர். பாலிஷ் எல்லாம் அப்புறம். சர்வீஸ் புக், ஆயில் மாத்தின பில், டயர் பில், கிளட்ச் பில், பிரேக் பில், பழைய ஓனர் குடுத்தது, எல்லாத்தையும் தேதி வரிசையில ஒரு ஃபைல்ல போடுங்க. சர்வீஸ் பில்லுல பெரும்பாலும் கிலோமீட்டர் ரீடிங் இருக்கும், அது வரிசையா ஏறிட்டே வர்றதைப் பார்த்தாலே மீட்டரைத் திருப்பலைங்கறது தெரிஞ்சிடும், நீங்க சத்தியம் பண்ண வேண்டியதில்ல. பில் தொலைஞ்சிருந்தா சர்வீஸ் விட்ட இடத்துலயே கேளுங்க, கம்ப்யூட்டர்ல இருந்தா பிரின்ட் போட்டுத் தருவாங்க. முதல் ஓனரைப் பிடிக்க முடிஞ்சா அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, பழைய பில் கட்டு எங்கயாவது மேஜை டிராயர்ல கிடக்கும். சேசிஸ் நம்பர்ங்கறது எழுத்தும் எண்ணுமா மொத்தம் 17, அது பதிவு பேப்பர்லயும் வண்டியிலயும் ஒண்ணா இருக்கான்னு நீங்களே ஒருதடவை ஒத்துப் பாத்துடுங்க, ஒரு எழுத்து தப்பா அச்சாகியிருந்தாலும் கடைசி நிமிஷத்துல பேரம் முறிஞ்சு போகும்.

அடுத்தது உங்க மாடலுக்குன்னு பேர் வாங்கின வியாதி என்னன்னு தெரிஞ்சு வச்சுக்கணும். வாங்க வர்றவர் ராத்திரி எல்லாம் அதைப் படிச்சுட்டுத்தான் வருவார். 2004 வரைக்கும் வந்த முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டர், அதே காலத்து சாதாரண 911, இதுலல்லாம் ஐஎம்எஸ் பேரிங்னு ஒண்ணு உண்டு, என்ஜினுக்குள்ள சுத்தற ஒரு இடைத்தண்டைத் தாங்கற பேரிங், அது உடைஞ்சா என்ஜினே போயிடும், அதனால அதை மாத்தின பில் இருந்தா அந்த ஒரு தாளுக்கே தனி மதிப்பு. பிஎம்டபிள்யூ எம்3-ல ஈ46 தலைமுறைன்னா பின்பக்க சப்ஃப்ரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கற சட்டம்) மாட்டியிருக்கற இடத்துல தளத்தகடு விரிசல் விடும், கீழ குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாக்காம யாரும் வாங்க மாட்டாங்க. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ரோட்டரி என்ஜின், பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்தும், அதுக்கு என்ஜின் உள் அழுத்தம் பாக்கற சாதாரண கம்ப்ரஷன் கேஜ் வச்சுப் பாத்தா பிரயோஜனம் இல்ல, ஒவ்வொரு ரோட்டருக்கும் மூணு முகம் இருக்கு, மூணையும் தனித்தனியா காட்டற டெஸ்டர்தான் வேணும். போர்ஷேல இன்னொண்ணு, என்ஜினை அதோட சுழற்சி வேக எல்லை தாண்டி எத்தனை தடவை விரட்டினாங்க, கடைசியா எப்பங்கறது கம்ப்யூட்டர்லயே பதிவாகியிருக்கும், வாங்குறவர் அந்த ரிப்போர்ட்டைக் கேப்பார், நீங்களே எடுத்து ஃபைல்ல வச்சிருந்தா அவர் முகமே மாறிடும். உங்க வண்டி மேல் கூரை மடக்கற மாடல்ங்கறதால கூரைத் துணியோட தையல், தண்ணி வடியற குழாய் அடைச்சிருக்கா, சீட்டுக்குக் கீழ கார்ப்பெட் ஈரமா இருக்கா, இதெல்லாம் பாருங்க. கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாக்கற ஆளுங்க உண்டு, அவங்கதான் விவரமானவங்க.

சைலன்சர், ஸ்பிரிங் விஷயம். இதைச் சொன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும், ஆனா நீங்க அதுக்கு செலவு பண்ணின காசு விலையில திரும்பி வராது. மாத்தின வண்டியை விரும்பறவங்க கம்மி, கம்பெனி ஃபிட்டிங்லயே இருக்கற வண்டியைத் தேடறவங்கதான் அதிகம், அதுவும் ஹோண்டா எஸ்2000 மாதிரி உற்பத்தி நின்னு போன வண்டின்னா தொடாம இருந்ததுக்குத்தான் மவுசு. பழைய சைலன்சரும் ஸ்பிரிங்கும் உங்ககிட்ட இருந்தா திரும்ப மாட்டிடுங்க, புதுசைத் தனியா வித்தா அதுல ஒரு தொகை கிடைக்கும். மாட்ட முடியலன்னா பழைய பாகங்களை வண்டியோட சேர்த்துக் குடுங்க, விளம்பரத்துலயும் எழுதுங்க. ஈசியூ ட்யூனிங், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரோட செட்டிங்கை மாத்தறது, பண்ணியிருந்தா மறைக்காதீங்க, ஸ்கேனர் போட்டா பெரும்பாலும் தெரிஞ்சிடும், அதுல மாட்டினா நீங்க உண்மையா சொன்ன மத்த விஷயத்தையும் நம்ப மாட்டாங்க.

வண்டியைத் தயார் பண்றதுல ஜாஸ்தியா பண்றதும் தப்பு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பானட்ல கல்லு தெறிச்ச புள்ளிங்க இருக்கேன்னு விக்கிறதுக்கு முன்னாடி முழுசா பெயின்ட் அடிச்சார். வந்தவர் பெயின்ட் கனம் பாக்கற மீட்டரை வச்சார், கதவுல 120 மைக்ரான், பானட்ல 300-க்கு மேல. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100லேர்ந்து 150 சுத்திதான் இருக்கும். "முன்னாடி மோதியிருக்கு"ன்னு அவர் முடிவு பண்ணிட்டார், கல்லு புள்ளிக்காகத்தான்னு இவர் எவ்வளவு சொல்லியும் எடுபடல. வேகமா ஓடற, தாழ்வா இருக்கற வண்டியில முன்னாடி கல்லு புள்ளி இருக்கறது இயல்புதான், விட்டுடுங்க. என்ஜினையும் பளபளன்னு கழுவி வைக்காதீங்க, ஆயில் கசிவை மறைக்கறாங்கன்னு தோணும். அதே மாதிரி எச்சரிக்கை லைட் எரிஞ்சா, வண்டி கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கற கோளாறு கோட்-ஐ அழிச்சுட்டு விக்கிற வேலை வேண்டாம், கோட் அழிச்சா வண்டியோட சுய பரிசோதனை எல்லாம் பூஜ்யத்துக்குப் போயிடும், அது இன்னும் முடியலைங்கறதையும் ஸ்கேனர் காட்டும், வந்தவர் புரிஞ்சுப்பார். கோளாறை சரி பண்ணுங்க, இல்ல சொல்லிட்டு விலையில கழிங்க.

பண்ண வேண்டியது சின்னச் சின்ன வேலைங்க. உள்ள நல்லா சுத்தம் பண்ணி, பேட்டரியை சரியா சார்ஜ்ல வச்சு, ஆயில் மாத்தி, நாலு டயரும் ஒரே பிராண்டா இருக்கான்னு பாருங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கத்துல தேதி இருக்கும், 2319-னு இருந்தா 2019-ல 23-வது வாரம் செஞ்சது. இந்த மாதிரி வண்டி வருஷத்துல கொஞ்சமாத்தான் ஓடும், அதனால டிரெட் நிறைய இருந்தும் ரப்பர் கெட்டிப்பட்டுப் போயிருக்கும், ஆறு வருஷம் தாண்டியிருந்தா வாங்குறவர் புது டயர் விலையைக் கழிப்பார், அதை முன்னாடியே உங்க கணக்குல சேர்த்துக்கோங்க.

விலை வைக்கறது எப்படின்னா, விளம்பரத்துல போட்டிருக்கற விலையைப் பார்த்து ஏமாறாதீங்க, அது ஒருத்தர் ஆசைப்படற விலை, வித்த விலை இல்ல. உங்க மாடல், அதே கியர், பக்கத்து வருஷங்கள், ஒரு பத்துப் பதினஞ்சு விளம்பரத்தை நோட்ல எழுதி வச்சு மூணு நாலு வாரம் கவனிங்க, எது சீக்கிரம் காணாமப் போகுது, எது விலை குறைச்சுட்டே வருதுன்னு பாத்தா நிஜ விலை தன்னால தெரியும். 2007-ல ஆரம்பிச்ச பிரிங் எ ட்ரெய்லர் மாதிரி ஏல தளங்கள்ல எந்த வண்டி எவ்வளவுக்குப் போச்சுங்கறது எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கும், உங்க ஊர் விலை வேறயா இருந்தாலும் எந்த கலர், எந்த கியர், எத்தனை ஓனர்ங்கறது விலையை எவ்வளவு ஏத்தி இறக்குதுன்னு புரியும், கீழ வாங்குறவங்க கேக்கற கேள்விகளைப் படிச்சாலே உங்களுக்குப் பாதி தயாரிப்பு ஆச்சு. மேனுவல் கியர் உங்களுக்கு நல்ல பலம், புது வண்டிங்கள்ல அது குறைஞ்சுட்டே வர்றதால தேடி வர்றவங்க இருக்காங்க. கூரை திறக்கற வண்டிக்கு வெயில் காலம் ஆரம்பிக்கிறப்போதான் கேள்வி வரும், அவசரம் இல்லன்னா அதுவரைக்கும் காத்திருங்க. ரெண்டு நம்பரை முடிவு பண்ணுங்க, விளம்பரத்துல போடற விலை ஒண்ணு, இதுக்குக் கீழ குடுக்க மாட்டேன்ங்கற விலை ஒண்ணு. ரெண்டாவதை எழுதி பர்ஸ்ல வையுங்க, வாயால யார்கிட்டயும் சொல்லாதீங்க.

டீலர்கிட்ட குடுக்கறது தப்புன்னு சொல்ல மாட்டேன், அன்னிக்கே பணம், தலைவலி இல்ல. ஆனா "எங்க ஷோரூம்ல நிறுத்துங்க, வித்ததும் பணம் தர்றோம்"ங்கற ஏற்பாட்டுல கவனமா இருங்க, வித்த எத்தனை நாள்ல பணம், அதுவரைக்கும் இன்சூரன்ஸ் யாரோடது, யாரெல்லாம் ஓட்டிப் பாக்கலாம், எல்லாம் எழுத்துல வேணும், பதிவு பேப்பர் ஒரிஜினல் உங்ககிட்டயே இருக்கணும்.

போட்டோவை காலையிலயோ சாயங்காலமோ மெல்லிசு வெளிச்சத்துல எடுங்க. நல்ல பக்கத்தை மட்டும் எடுக்காதீங்க, வீல்ல உரசின இடம், டிரைவர் சீட் ஓரத்துல தோல் தேய்ஞ்சது, பம்பர் கீறல், எல்லாத்தையும் கிட்டக்க எடுத்துப் போடுங்க, குறையைக் காட்டற விளம்பரத்தைத்தான் ஜனங்க நம்பறாங்க, நேர்ல வந்து அதைக் காட்டி விலை குறைக்கவும் முடியாது. கோல்டு ஸ்டார்ட் வீடியோ ஒண்ணு கட்டாயம் வேணும், ராத்திரி முழுக்க நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்றது, சத்தமும் புகையும் தெரியற மாதிரி. நம்பர் பிளேட்டை மறைச்சிடுங்க, வீட்டு வாசல், தெரு பேர் தெரிய வேண்டாம், போட்டோக்குள்ள இடத்தோட தகவல் பதிவாகியிருக்கும், அதையும் நீக்கிட்டுப் போடுங்க. பதிவு பேப்பர் போட்டோ கேட்டு மெசேஜ் வந்தா அனுப்பாதீங்க, நேர்ல காட்டறேன்னு சொல்லுங்க, அதை வச்சே உங்க வண்டியைத் தன்னோடதுன்னு காட்டி வேற யார்கிட்டயாவது அட்வான்ஸ் வாங்கிடுவாங்க.

"கடைசி விலை என்ன"ன்னு மட்டும் கேக்கற மெசேஜுக்கு "வந்து பாருங்க, பார்த்தப்புறம் பேசலாம்"னு ஒரே பதில் போதும். போன்ல பேசுங்க, இதுக்கு முன்னாடி என்ன வண்டி வச்சிருந்தீங்க, ஏன் இந்த மாடல்னு சும்மா கேளுங்க. நிஜமா வாங்குறவர் ஆர்வமா பேசுவார். வரச் சொல்ற இடம் பகல் நேரத்துல ஜன நடமாட்டம் உள்ள, கேமரா இருக்கற பொது இடமா இருக்கட்டும். வண்டியை சூடு பண்ணி வைக்காதீங்க, பானட்டைத் தொட்டுப் பாத்து சூடா இருந்தா ஏதோ மறைக்கறீங்கன்னு நினைப்பாங்க. அவங்க எத்தனை பேர் வர்றாங்களோ உங்க பக்கமும் அத்தனை பேர் இருக்கணும், இதை நான் அனுபவிச்சு சொல்றேன்.

என் பழைய வண்டியைப் பாக்க ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் டிக்கியைத் திறக்கச் சொல்லி, டூல்ஸ் எங்க, ஜாக் எங்கன்னு என்னைப் பின்னாடியே பிடிச்சு வச்சுப் பேசிட்டு இருந்தார், இன்னொருத்தர் முன்னாடி பானட் பக்கம். அப்புறம் ஸ்டார்ட் பண்ணினா சைலன்சர்லேர்ந்து புகையா வருது. அவர் கூலன்ட் டேங்க்கைக் காட்டறார், மேல கருப்பா ஆயில் மிதக்குது, "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார், பாதி விலைன்னா எடுத்துக்கறோம்"ங்கறார். எனக்கு ஒரு நிமிஷம் வயிறு கலங்கிடுச்சு. ஆனா அன்னிக்குக் காலையிலதான் கூலன்ட் லெவலை போட்டோ எடுத்திருந்தேன், தெளிவா இருந்துச்சு. ஆயிலும் கூலன்ட்டும் கலக்காம தடுக்கற தகடுதான் கேஸ்கட், அது போய் என்ஜின் உள்ள சுத்தி வந்த ஆயில்னா கூலன்ட்டோட அடிச்சுக் கலந்து சேறு மாதிரி கொழகொழன்னு இருக்கும், இது அப்பதான் ஊத்தின மாதிரி தனியா ஏடு கட்டி நிக்குது. சைலன்சர் வாயை விரலால தொட்டுப் பாத்தா உள்ளயும் ஆயில் ஈரம். வண்டி விக்கலைன்னு சொல்லி அனுப்பிட்டு, மெக்கானிக்கை வரவழைச்சு கூலன்ட் முழுசா அலசி பிரஷர் டெஸ்ட் பண்ணினேன், ஒரு கோளாறும் இல்ல. அடுத்த மாசமே முழு விலைக்குப் போச்சு. பானட் திறந்திருக்கற வரைக்கும் உங்க கண்ணு அங்க இருந்து நகரக்கூடாது.

டெஸ்ட் டிரைவுக்கு முன்னாடி லைசென்ஸ் வாங்கிப் பாருங்க, போட்டோ அவர்தானான்னு பாத்து ஒரு படம் எடுத்துக்கோங்க, உங்க இன்சூரன்ஸ் மத்தவங்க ஓட்டினா செல்லுமான்னு கம்பெனிகிட்ட முன்னாடியே கேட்டு வையுங்க. செல்லாதுன்னா அவர் தன் பேர்ல ஏற்பாடு பண்ணிட்டு வரட்டும். முதல்ல நீங்க ஓட்டி என்ஜின் ஆயில் சூடாகற வரைக்கும் போங்க, பாதி வழியில அவர்கிட்ட குடுங்க. சீட் மாத்தற இடம்தான் ஆபத்து, பட்டன் ஸ்டார்ட் வண்டியில சாவி உங்க பாக்கெட்ல இருந்தாலும் என்ஜின் ஓடிட்டு இருந்தா நின்னு போகாது, அவர் பாட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடலாம், அதனால என்ஜினை நிறுத்திட்டுத்தான் இறங்கணும், நீங்க பக்கத்து சீட்ல உக்காந்தப்புறம்தான் மறுபடி ஸ்டார்ட். உங்க வண்டியில ரெண்டே சீட்டு, அதனால கூட வந்தவரை ஏத்திட்டு நீங்க இல்லாம ஓட்டிப் பாக்கறேன்னு அவர் சொல்லக்கூடும், முழுப் பணமும் வராம ஒத்துக்காதீங்க.

தன் மெக்கானிக்கிட்ட காட்டணும்னு அவர் கேட்டா சந்தோஷமா சரின்னு சொல்லுங்க, செலவு அவரோடது, வண்டியைக் கொண்டு போறது நீங்க. அந்த ரிப்போர்ட்ல நிஜமான வேலை ஏதாவது வந்தா அந்த வேலைக்கு ஆகற செலவை மட்டும் பேசுங்க. விலை படிஞ்சதும் அட்வான்ஸ் வாங்கினா ரசீது எழுதுங்க, எந்தத் தேதி வரைக்கும் நிறுத்தி வைப்பீங்க, அவர் வரலன்னா அட்வான்ஸ் என்ன ஆகும், ரெண்டு பேர் கையெழுத்தோட.

பணம் விஷயத்துல தயவு தாட்சண்யமே வேண்டாம். அவர் போன்ல காட்டற ஸ்கிரீன்ஷாட், வந்த எஸ்எம்எஸ், எதையும் நம்பாதீங்க, உங்க பேங்க் ஆப்பை நீங்க திறந்து பேலன்ஸ் ஏறியிருக்கான்னு பாருங்க. ரொக்கம்னா பேங்க் கவுன்ட்டர்ல எண்ணிக் கட்டச் சொல்லுங்க. பேங்க் டிராஃப்ட்னா அதைக் குடுத்த பேங்க்குக்கு, டிராஃப்ட்ல அச்சடிச்ச நம்பருக்கு இல்ல, நீங்களே தேடி எடுத்த நம்பருக்குப் பேசி உறுதி பண்ணுங்க. அதனாலதான் கடைசி சந்திப்பை வேலை நாள்ல, பேங்க் திறந்திருக்கற நேரத்துல வையுங்கன்னு சொல்றேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரப்படுத்தறவங்களை திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. எஸ்க்ரோ (வண்டி கை மாறற வரைக்கும் பணத்தை நடுவுல வச்சிருக்கற சர்வீஸ்) மூலமா பண்ணலாம்னு அவர் ஒரு லிங்க் அனுப்பினா அதைத் தொடாதீங்க, அப்படிப் பண்றதா இருந்தா சர்வீஸை நீங்க விசாரிச்சுத் தேர்ந்தெடுங்க. வண்டி மேல லோன் பாக்கி இருந்தா லோன் குடுத்த இடத்துலயே ரெண்டு பேரும் உக்காந்து அடைச்சுட்டுப் பேப்பர் வாங்கிக்கோங்க.

பணம் ஏறினதுக்கப்புறம்தான் கையெழுத்தும் சாவியும். விற்பனை ரசீதுல தேதி, நேரம், கிலோமீட்டர் ரீடிங், சேசிஸ் நம்பர், "இப்ப இருக்கற நிலையில பாத்து வாங்கறேன்"ங்கற வரி எல்லாம் இருக்கணும், நேரம் ஏன்னா அன்னிக்கு சாயங்காலமே அவர் எங்கயாவது வேகமாப் போய் மாட்டினா அது உங்க தலையில விழக்கூடாது. குடுக்கறதுக்கு முந்தின நாள் வண்டியோட ஸ்கிரீன்ல உங்க போனோட இணைப்பு, காண்டாக்ட், மேப்ல இருக்கற வீட்டு அட்ரஸ் எல்லாத்தையும் ரீசெட் பண்ணுங்க, கம்பெனி ஆப்லேர்ந்து வண்டியை நீக்குங்க, கேட் ரிமோட் உள்ள கிடக்கான்னு பாருங்க. பெயர் மாத்தறதை அவர் பண்ணிப்பார்னு விட்டுடாம, வித்தாச்சுன்னு பதிவு அலுவலகத்துக்கு நீங்களும் தெரிவிச்சிடுங்க, பெயர் மாறினது உறுதியா தெரிஞ்சப்புறம் இன்சூரன்ஸை நிறுத்துங்க.